மீதியை வெள்ளித்திரையில் காண்க

"அந்தத் தம்பி கேரக்டரை மட்டும் நல்லா கவனிச்சுக்கங்க சார். வேற எதுவும் நான் சொல்ல மாட்டேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம், டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சாதத்தில் கை வைத்த நேரத்தில் ஆபீஸ் நண்பர் சொன்னது இது. நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நாளை ராத்திரிக் காட்சிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன், அவ்வளவுதான். மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த இவர், மோர்மிளகாயைக் கடித்தபடியே எழுந்து வந்து இதைச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஒரு கண்சிமிட்டல் வேறு. கதையைச் சொல்லாமல் எனக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டாராம்.

மறுநாள் மல்டிபிளெக்ஸில் ஆளுக்கு 190 ரூபாய் டிக்கெட், அதற்கு மேல் முன்பதிவுக் கட்டணம், வண்டி நிறுத்தக் காசு, டிக்கெட்டை விட விலை கூடின பாப்கார்ன். இத்தனையும் கொடுத்து, மனைவி மகளோடு போய் உட்கார்ந்தால் என் கண் தம்பியை விட்டு நகரவே இல்லை. கதாநாயகன் நாற்பது பேரைத் தூக்கிப் போட்டு மிதிக்கிறான், நான் ஓரமாக நிற்கும் தம்பி என்ன செய்கிறான் என்று பார்க்கிறேன். கல்யாண வீட்டில் பாட்டு, எல்லாரும் ஆடுகிறார்கள். தம்பி எங்கே? அம்மா செத்துப்போகிறாள், தியேட்டரே மூக்கை உறிஞ்சுகிறது. நான் மட்டும், இவன் நிஜமாக அழுகிறானா, நடிக்கிறானா என்று துப்பறிந்துகொண்டிருக்கிறேன். இடைவேளைக்கு முன்பே கதை எனக்கு முடிந்துவிட்டது. கடைசியில் அந்தத் திருப்பம் வந்தபோது கூட்டம் மொத்தமும் "ஐயோ" என்றது. என் மகள் என் கையைப் பிடித்து நசுக்கினாள். எனக்குக் கொட்டாவி வந்தது.

திங்கட்கிழமை அவரே தேடி வந்து, "எப்படி சார் தம்பி? ஷாக் ஆயிட்டீங்களா?" என்கிறார். ஷாக்கை வெள்ளிக்கிழமையே நீ வாங்கித் தின்றுவிட்டாயே ஐயா, எனக்கு ஏது மிச்சம்?

கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறவன் கூடப் பரவாயில்லை. அவனைக் கண்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடலாம். இந்தச் சொல்லாமல் சொல்கிற ஆட்கள்தான் விஷம். "ட்விஸ்ட் இருக்கு, ஆனா சொல்ல மாட்டேன்." ட்விஸ்ட் இருக்கிறது என்பதே பாதி ட்விஸ்ட்தானே? "கடைசி பத்து நிமிஷத்துக்கு முன்னாடி எந்திரிச்சிடாத." சரி, அப்போது அதற்கு முன்னால் வருகிற முடிவு பொய் முடிவு. "அவன் செத்தப்ப நானே ஏமாந்துட்டேன்." ஆக அவன் சாகவில்லை. மூன்று வாக்கியத்தில் மூன்று படம் காலி. இதில் மூன்று பேருமே, நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று சத்தியம் செய்வார்கள்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பது நம் ஊருக்குத் தெரியாத வித்தை இல்லை. பாட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? தியேட்டர் வாசலில் சில பைசாவுக்கு விற்பார்கள். சாணிக் காகிதம், மை கையில் ஒட்டும், அட்டையில் நாயகனும் நாயகியும் மங்கலாகத் தெரிவார்கள். உள்ளே பாட்டு வரிகளோடு 'கதைச் சுருக்கம்' என்று ஒன்று இருக்கும். பண்ணையார் மகள், ஏழை வாத்தியார், சொத்து, சதி என்று கிடுகிடுவென்று ஓடி வந்து சரியான இடத்தில் பிரேக் போடும். வாத்தியார் மீது விழுந்த பழி நீங்கியதா? பண்ணையார் மனம் திருந்தினாரா? மீதியை வெள்ளித்திரையில் காண்க. எழுதியவர் பெயர் கூட அதில் இருக்காது. ஆனால் அந்த மனிதருக்கு, அடுத்தவன் டிக்கெட் எடுக்கப் போகிறான் என்ற எண்ணம் இருந்தது. முழுக் கதையும் தெரிந்தவர்தான். வாயை மூடிக்கொள்ளத் தெரிந்திருந்தது.

லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' என்று ஒரு நாடகம் 1952-இல் தொடங்கியது. கொரோனா காலத்தில் கதவடைத்ததைத் தவிர விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும், கொலைகாரன் யார் என்பதை வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள் என்று நடிகர்களே பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வார்கள். எங்கள் ஆபீஸ் நண்பர் லண்டனில் பிறந்திருந்தால் அந்த நாடகத்தை 1952 கிறிஸ்துமஸுக்குள் இழுத்து மூடியிருப்பார்கள். "அந்தக் கடைசியா வர்றவனை மட்டும் கவனிங்க சார்" என்று வாசலிலேயே நின்றிருப்பார். (கடைசியாக வருகிறவன் யார் என்று என்னைக் கேட்காதீர்கள், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.)

கதை சொல்வதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பெரியம்மா கதை சொல்லித்தான் எனக்குப் பாதி சினிமா தெரியும். தேனிப் பக்கம் சின்ன ஊர். டூரிங் டாக்கீஸுக்கு மூன்று மைல் நடக்க வேண்டும், பிள்ளைகளைக் கூட்டிப்போக மாட்டார்கள். பெரியம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் சாயங்காலம் திண்ணையில் கடலையை உரித்துக்கொண்டே படம் ஓட்டுவாள். ஆறேழு வாண்டுகள் சுற்றி உட்கார்ந்திருப்போம். பாட்டு வந்தால் பாடுவாள். வில்லன் வந்தால் குரல் கட்டையாகிவிடும். நடுவில் திடீரென்று நிறுத்தி, "இடைவேளை. போயி தண்ணி குடிச்சிட்டு வாங்கடா" என்பாள். நாங்களும் ஓடிப்போய்ப் பானையில் மொண்டு குடித்துவிட்டு இரண்டே நிமிஷத்தில் இடம் பிடிக்க வந்துவிடுவோம். கடைசிக் காட்சி வரைக்கும் சொல்வாள். சொல்லட்டும், எங்களுக்கு வேறு வழியில்லை, நாங்கள்தான் கெஞ்சிக் கேட்டோம். அவள் சொன்னதில் முக்கால்வாசி கதையே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. "அந்தப் பிள்ள சோத்துத் தட்ட தள்ளி வச்சிட்டு எந்திரிச்சிப் போனா பாரு, எனக்கு முந்தான நனைஞ்சிருச்சுடா" என்பாள். பல வருஷம் கழித்து அந்தப் படத்தை டிவியில் பார்த்தேன். தட்டைத் தள்ளி வைக்கும் காட்சி அரை நிமிஷம் கூட இல்லை. பெரியம்மா அதை மட்டும் கால் மணி நேரம் சொல்லியிருந்தாள்.

இப்போது யாரிடமாவது படம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக்." "ஒரு பதினஞ்சு நிமிஷம் ட்ரிம் பண்ணிருக்கலாம்." "மேக்கிங் நல்லாருக்கு." "ஒரு தடவ பாக்கலாம்." ஊர் முழுக்க எடிட்டர்கள். எந்தப் பதினைந்து நிமிஷத்தை வெட்ட வேண்டும் என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள். மேக்கிங் என்றால் என்ன என்று கேட்டால், "அதான், மேக்கிங்" என்பார்கள். அப்புறம் அந்த 'ஒரு தடவ பாக்கலாம்'. எல்லாரும் எல்லாப் படத்தையும் ஒரு தடவைதான் ஐயா பார்க்கிறார்கள்! அது பாராட்டா, எச்சரிக்கையா?

ஆனந்த விகடன் மார்க் போட்ட காலம் ஒன்று உண்டு. 1977-இல் வந்த '16 வயதினிலே'வுக்கு அவர்கள் கொடுத்த 62.5 மார்க்கை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அரை மார்க்கின் மீது எனக்கு மரியாதை உண்டு, ஏனென்றால் அதற்குப் பின்னால் ஒரு பக்க விமர்சனம் இருந்தது. இப்போது விமர்சனத்தைக் காணோம், மார்க் மட்டும் மிச்சம். அதற்கும் மேலே, என் மச்சினன் மாதிரி ஆட்கள் வசூலைச் சொல்வார்கள். படம் பிடித்ததா மாப்ள என்றால் முதல் வாரம் இத்தனை கோடி, வெளிநாட்டில் இத்தனை கோடி என்று ஒப்பிப்பான். மாசக் கடைசியில் பெட்ரோலுக்கு என்னிடம் ஜிபே கேட்கிறவன்.

இதே மச்சினன் செய்த இன்னொரு காரியம். முதல் நாள் காலை 9 மணிக் காட்சிக்குப் போய்விட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பதினான்கு துண்டு போட்டிருந்தான். அவன் பையனுக்கு அன்றைக்குப் பிறந்தநாள். கேக் வெட்டுகிற போட்டோவாக இருக்கும் என்று திறந்தேன். விசில் சத்தம், ஆடுகிற திரை, படக்குழு பல மாதமாக மூடி மூடி வைத்திருந்த கௌரவ வேட நடிகர் புகைக்கு நடுவிலிருந்து நடந்து வருகிறார். போனைக் கீழே போடுவதற்குள் பார்த்து முடித்துவிட்டேன். உடனே கூப்பிட்டேன்.

"மாப்ள, தியேட்டர்ல படம் பிடிச்சா குறைஞ்சது மூணு மாசம் ஜெயில், மூணு லட்சம் அபராதம்னு 2023-லயே சினிமாட்டோகிராஃப் சட்டத்தைத் திருத்திட்டாங்க, தெரியுமா?"

"முப்பது செகண்டுதானே மச்சான்? அதுவும் 24 மணி நேரத்துல தானா அழிஞ்சிரும்."

ஸ்டேட்டஸ் அழிந்துவிடும். நான் பார்த்தது எப்படா அழியும்?

2024 கடைசியில் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், படம் வந்து முதல் 3 நாளைக்கு இணையத்தில் விமர்சனம் கூடாது என்று தடை கேட்டு. நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை, கருத்துச் சொல்லும் உரிமை என்று ஒன்று இருக்கிறது என்றது. சரியான பேச்சு. விமர்சகர் பேசட்டும், வேண்டாமென்றால் நான் அந்த வீடியோவைத் தொடாமல் இருந்துவிட்டுப் போகிறேன். ஆபீஸ் சாப்பாட்டு மேஜையை எப்படித் தொடாமல் இருப்பது? தயாரிப்பாளர்கள் அதற்கு ஒரு மனுப் போட்டிருந்தால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சிபாரிசுக் கோஷ்டி தனி. "இந்த கொரியன் சீரிஸைப் பாருங்க. முதல் நாலு எபிசோட் மட்டும் பொறுத்துக்கங்க, அப்புறம் பிக்கப் ஆயிரும்." நாலு எபிசோட் என்றால் நாலு மணி நேரத்துக்கு மேல். மதுரையிலிருந்து திருச்சி போய்த் திரும்பிவிடலாம். பொறுக்கவில்லை என்றால் குற்றவாளி நான்தான். தினமும் காலையில் "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று வட்டிக்காரன் மாதிரி வாசலில் நிற்பார்கள். ஒருநாள் சும்மா பார்த்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அன்றைக்கென்று பரீட்சையே வைத்துவிட்டார், ஏழாவது எபிசோடில் அந்தப் பாட்டி எதற்குச் சிரித்தாள் என்று.

இதற்கு நேர் எதிர், நம்மிடம் கேட்கிற கூட்டம். "ஏதாவது நல்ல படம் சொல்லுங்க அண்ணே" என்று எதிர்வீட்டுத் தம்பி கேட்டான். பெரியம்மாவை நினைத்துக்கொண்டு, ஒரு படத்தில் அப்பாவும் மகனும் பஸ் ஸ்டாண்டில் பேசாமல் நிற்கிற இடம் ஒன்றைச் சொன்னேன், வேறெதுவும் சொல்லவில்லை. அவன் கேட்ட கேள்விகள்: எவ்வளவு நேரம்? சோகமா? ஃபைட் இருக்கா? எதுல இருக்கு? பதில் சொன்னதும், "அது என்கிட்ட இல்லண்ணே, உங்க பாஸ்வேர்டு குடுங்க" என்றான். கொடுத்தேன். மூன்று வாரமாக நான் உள்ளே போனால் 'வேறு சாதனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது' என்று வருகிறது. அவன் பார்ப்பது நான் சொன்ன படம் இல்லை.

இவ்வளவு குமுறிவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் ஏற்கெனவே பார்த்து அசந்துபோன ஒரு படம். மனைவியைப் பார்க்க வைத்தேன். பாதிப் படம் தாண்டியதும் அவள் வழக்கம்போலப் போனை எடுத்தாள். எனக்குப் பதறிவிட்டது.

"இனிமே போனைத் தொடாத. கடைசி வரைக்கும் திரையை மட்டும் பாரு."

அவள் போனை மெதுவாக மடியில் கவிழ்த்து வைத்தாள். திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அப்ப அந்த டிரைவர் நல்லவன் இல்லை. அதானே?"

நான் பதில் சொல்லவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.