வெள்ளி அருவியிலிருந்து ஏரிவரை இரண்டு பாட்டு

கொடைக்கானலில் வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு மேல்நாட்டு இசையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பவர்கள் இந்தப் பதிவை இங்கேயே தாண்டிப் போகலாம். நீளமான பதிவு. சுருக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், என் புகாரே பாட்டைச் சுருக்குவதைப் பற்றித்தான்.

சென்ற சனிக்கிழமை கொடை ரோடு ரயில் நிலையத்தில் நான்கு கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றினேன். முன் இருக்கையில் அமர்ந்த தம்பி தன் போனைக் காரின் ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டு, "அண்ணா, எலக்ட்ரானிக் பாட்டு போட்டால் உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமா?" என்று பணிவாகக் கேட்டான். தாராளமாகப் போடு என்றேன். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வத்தலக்குண்டு தாண்டியதும் எண்ணத் தொடங்கினேன். டம்டம் பாறை வருவதற்குள் இருபத்திரண்டு பாட்டுகள். ஒன்றுகூட முடிவுவரை ஓடவில்லை. தாளத்தின் அடி விழும் இடம் வந்ததும் நால்வரும் பத்து விநாடி தலையாட்டுவார்கள். உடனே விரல் அடுத்த பாட்டுக்குப் போய்விடும். பாறையில் வண்டியை நிறுத்தி எலிவால் அருவியைக் காட்டினேன். அதையும் பத்து விநாடி பார்த்தார்கள்.

எனக்கு வேறொரு கணக்கு இருந்தது. வெள்ளி அருவியிலிருந்து ஊருக்குள் வர எட்டு கிலோமீட்டர். சீசன் இல்லாத நாளில், மூடுபனியில் மெதுவாக ஏறினால், அருவியிலிருந்து ஏரிவரை சரியாக இரண்டு பாட்டு. நான் சொல்வது பழைய ட்ரான்ஸ் பாட்டு, மின்னணு நடன இசையில் ஒரு வகை. ஒன்று ஒன்பது நிமிடம் ஓடும், பத்தும் ஓடும்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது கொடைக்கானலுக்குப் பக்கத்து வட்டக்கானலில். 1999-இல் எனக்குப் பத்தொன்பது வயது, அப்பாவின் பழைய ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். கட்டாய ராணுவ சேவையை முடித்த இஸ்ரேல் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக வந்து அங்கே மாதக்கணக்கில் தங்குவார்கள். அவர்களில் ஒருவர் ஜீப் வாடகையில் குறைந்த ஐம்பது ரூபாய்க்கு ஈடாக ஒரு தொண்ணூறு நிமிட கேசட்டைக் கொடுத்தார். மேலே ஹீப்ரு எழுத்து. யார் பாடியது, என்ன பாட்டு, எதுவும் தெரியாது. முதல் நாள் கேட்டபோது, பாடகர் எப்போது வருவார் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

அது எனக்கு ஏன் பிடித்தது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. மேல்மலையில் எங்கள் ஊர்த் திருவிழாவில் உறுமி கேட்டு வளர்ந்தவன் நான். உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் எழும். ஒரே அடி, ஒரே தேய்ப்பு, அரை மணி நேரம், ஒரு மணி நேரம். இடையில் எங்கோ வேகம் ஒரு நூலிழை கூடும், நமக்குத் தெரியாது. என் அத்தைக்குத் தெரியும். அவள்மீது அருள் வரும் நொடியை உறுமிக்காரர் முன்கூட்டியே அறிந்திருப்பார். ஆனால் அவசரப்படுத்த மாட்டார். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் எண்பதுகளின் தொடக்கத்தில் விற்றுப் போணியாகாமல் கைவிட்ட 303 என்ற சிறு மின்னணு இசைக்கருவியின் நெளியும் குரலை, கோவா ட்ரான்ஸில் முதன்முதலாகக் கேட்டபோது, இது நம் உறுமி அல்லவா என்றுதான் நினைத்தேன். ட்ரான்ஸ் என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் போட்டிருந்தாலும் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் அருள் வருவது.

ட்ரான்ஸின் மேல்நாட்டுக் கிளை ஜெர்மனியில், குறிப்பாக பிராங்பர்ட் நகரத்துக் கிளப்புகளில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உருவெடுத்தது. நம் பக்கத்தில் கோவாவின் அஞ்சுனா கடற்கரையில் இரவு முழுக்க ஓடி விடியலில் முடியும் கூத்தாக வேறொரு கிளை வளர்ந்தது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்து கோவாவிலேயே வேரூன்றிய டிஜே கோவா கில், தன் இரவுகளைச் சடங்கு என்றே கருதியவர், 2023-இல் காலமானார். நள்ளிரவில் இருண்ட, முரட்டு இசை, வெளுக்கும் நேரத்தில் மெட்டு மலரும் இசை. இந்த வரிசை முக்கியம். 2000-இல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளி ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னபின் கூத்துகள் பகலுக்குப் போயின. விதியைக் குறை சொல்லவில்லை. வட்டக்கானலில் பக்கத்து வீட்டுக் குழந்தையும் தூங்க வேண்டுமே. ஆனால் இரவே இல்லாவிட்டால் விடியல் இசையை எங்கே வைப்பது?

சாலைக்காரன் என்பதால் எனக்கு நெருக்கமான ஒரு கதை உண்டு. ராபர்ட் மைல்ஸ் என்ற இத்தாலியர் 1995-இல் 'சில்ட்ரன்' என்ற பியானோ மெட்டை வெளியிட்டார். அவருடைய நாட்டில் சனிக்கிழமை இரவுகளில் கிளப்பிலிருந்து வெறியோடு காரோட்டித் திரும்பிய இளைஞர்கள் விபத்துகளில் இறந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் கூட்டத்தைத் தணிக்கும் கடைசிப் பாட்டாக அது எழுதப்பட்டது என்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இருபத்தைந்து ஆண்டுகளாக அதைப் போட்டு ஓட்டுகிறேன். வேகம் தானாகக் குறைகிறது. 2017-இல் அவர் இறந்த செய்தி வந்தபோது பெருமாள்மலையில் வண்டியை ஓரங்கட்டி ஒரு முறை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். பின்னால் இருந்த பயணிகள் எஞ்சின் கோளாறு என்று நினைத்திருக்கலாம்.

இனி கணக்குக்கு வருகிறேன். பழைய ட்ரான்ஸ் நிமிடத்துக்குச் சுமார் 138 தாள அடி ஓடும். 128 அடிகள் வெறும் தாளம், அதன்மேல் மெல்ல மெல்ல ஒரு சத்தம், இன்னொரு சத்தம். இது முடியவே ஐம்பத்தாறு விநாடி ஆகிவிடும். இன்னும் மெட்டு வரவில்லை. பிறகு நடுவில் தாளம் முழுக்க விலகி மெட்டு மட்டும் அந்தரத்தில் தனியாக நிற்கும். அதுவே இரண்டு நிமிடம் நீளும். அப்புறம்தான் அடி திரும்ப வரும். அது வரும்போது உடம்பில் நடப்பதை நான் விளக்கப் போவதில்லை. இன்றைய பாட்டில் அந்த ஐம்பத்தாறு விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. காரணம் தெரியாமல் இல்லை. ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடி ஓடினால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கு. முப்பது விநாடிக்குள் ஆளைப் பிடிக்க வேண்டியவன் எதற்காக அரங்கைப் பெருக்கி, கோலம் போட்டு, விளக்கேற்றிக்கொண்டிருப்பான்? பெரிய விழாக்களில் டிஜேவுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். வாணவேடிக்கைக்காரர் பொத்தானோடு காத்திருக்கிறார்.

எங்களைப் போன்ற பழைய ரசிகர்கள் ஒவ்வொருவருக்கும் மனம் முறிந்த நாள் என்று ஒன்று உண்டு. சிலருக்கு அது 2009. ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இசைத்த ட்ரான்ஸ் டிஜே டியெஸ்டோவை 2004-இல் நள்ளிரவு தாண்டி விழித்திருந்து டிவியில் பார்த்தவர்கள் நாங்கள். ஐந்தே ஆண்டுகளில் அவர் புதிய ஆல்பத்தோடு ட்ரான்ஸை விட்டு வேறு வீட்டுக்குக் குடிபோனார். சிலருக்கு 2013, இன்னொரு ட்ரான்ஸ் டிஜே ஆர்மின் வான் பியூரன் வானொலிக்கேற்ற பாப் பாட்டோடு கிராமி பரிந்துரைவரை போன ஆண்டு.

எனக்கு நவம்பர் 2012. பெங்களூர். அபவ் அண்ட் பியாண்ட் என்ற ட்ரான்ஸ் குழு 'ட்ரான்ஸ் அரவுண்ட் த வேர்ல்ட்' என்ற வானொலி நிகழ்ச்சியை 450 வாரங்கள் நடத்தி, கடைசி நிகழ்ச்சியை நம் ஊர்ப்பக்கம் வைத்தார்கள். பழனி நண்பன் ஒருவனும் நானும் பஸ் பிடித்துப் போனோம். சீசன் இல்லாத மாதம், கையில் காசில்லை, கடன் வாங்கித்தான் டிக்கெட் எடுத்தேன். அவர்களுடைய இசை நிறுவனத்தின் பெயரே அஞ்சுனாபீட்ஸ், நம் கோவாக் கடற்கரையின் பெயர். பெண் பிறந்த வீட்டுக்கு வருகிறாள் என்ற மகிழ்ச்சி எனக்கு. கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்கள் தோளில் கைபோட்டுப் பாடினார்கள். அதே இரவில், அதே மேடையில், அடுத்த நிகழ்ச்சி தொடங்கியது. புதிய பெயர் 'குரூப் தெரபி'. பெயர்ப்பலகையிலிருந்து ட்ரான்ஸ் என்ற சொல்லைக் கழற்றிய இரவில் நான் அங்கே நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். சேலம் தாண்டும்போதுதான் நண்பன் கேட்டான்: "நாம் வழியனுப்பப் போனோமா, வரவேற்கப் போனோமா?" அன்று இசைத்தவை நல்ல பாட்டுகள்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு கடைக்காரர் பலகையை மாற்றினால் சரக்கும் மாறப்போகிறது என்பது வாடிக்கையாளனுக்குத் தெரியாதா?

இன்ஃபெக்டட் மஷ்ரூம் பற்றிச் சொல்லாவிட்டால் வட்டக்கானல்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்து இருவர் இசைக்குழு. அவர்களுடைய தொடக்க கால ஆல்பங்கள் எங்கள் தேநீர்க் கடைகளில் வேதம். பின்னாளில் கிதார் வந்தது, பாடும் குரல் வந்தது, ரசிகர்களில் பாதிப் பேர் பிரிந்துபோனார்கள். இதில் எனக்குக் கிடைத்த கூடுதல் தொல்லை, பெயரில் இருக்கும் காளான். கொடைக்கானல், ட்ரான்ஸ், காளான் என்று மூன்று சொற்கள் ஒரே வரியில் வந்தால் போதைக் காளானை நினைத்துக் கேட்பவர் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வரும். மேல்மலைப் பக்கம் போலீசார் கூட்டத்தைப் பிடித்த செய்தி வரும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் எனக்குப் போன் செய்வார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக நான் உட்கொண்டது இஞ்சித் தேநீரும் பூண்டு ஊறுகாயும்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சரி, எல்லாப் பழியும் பிறர்மேல்தானா? இல்லை. இதைச் சொன்னால் என் கூட்டத்திலேயே சிலர் நட்பை முறிப்பார்கள், பரவாயில்லை. 2005 வாக்கிலேயே ட்ரான்ஸ் சோம்பேறியாகிவிட்டது. அதே அகலமான சத்தம், அதே இடத்தில் தாளம் விலகல், காற்றில் மிதக்கும் அதே பெண்குரல், அதே மழை, வானம், தேவதை. பத்துப் பாட்டைக் கலைத்து அடுக்கினால் அவற்றைச் செய்தவர்களே அடையாளம் காண மாட்டார்கள். ஒரு கலைஞன் அதிலிருந்து தப்பி ஓடினால் துரோகி என்கிறோம். 138 அடிக்குக் கீழே இறங்கினால் தீட்டு என்று அடிகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஆசாமிகளையும் நான் அறிவேன். நாங்கள் மட்டும் என்ன? 2001-இல் பிரவுசிங் சென்டரில் ஒரே பாட்டுக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பாதியில் மின்சாரம் போய், மறுநாளும் போன நானே இன்று புதிய பாட்டு கிடைத்தால் நடுப்பகுதிக்குத் தள்ளிப் பார்க்கிறேன். நல்ல இடம் எங்கே என்று. வெட்கமாக இருக்கிறது.

கோயம்புத்தூரில் படிக்கும் என் மகள் போன மாதம் வந்தபோது, "அப்பா, இதைக் கேளுங்கள், புதுசு" என்று ஒன்றைப் போட்டாள். இரண்டாவது நிமிடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 'ஏஜ் ஆஃப் லவ்'. பிராங்பர்ட்டின் ஜாம் அண்ட் ஸ்பூன் என்ற இருவர் குழு 1992-இல் மாற்றியமைத்து ட்ரான்ஸின் மூலப்பிரதிகளுள் ஒன்றாக்கிய அதே மெட்டை, பெல்ஜியத்தின் டிஜே ஷார்லோட் டி விட் 2021-இல் இன்னொருவரோடு சேர்ந்து டெக்னோ என்ற வேறு வகை மின்னணு நடன இசையாக மாற்றியிருக்கிறார். இது நீ பிறக்கும் முன்னால் வந்தது என்றேன். "அப்படியானால் உங்களுக்குச் சந்தோஷம்தானே, ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள்?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. மெட்டு திரும்பி வந்திருக்கிறது, அது உண்மை. நல்ல கைகளில்தான் வந்திருக்கிறது. ஆனால் அவளும் அதை முடிவுவரை கேட்கவில்லை, சாப்பிடக் கூப்பிட்டதும் எழுந்துபோனாள். நான் கேட்டேன். சோறு ஆறிவிட்டது.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு எங்கள் ஊர் இளைஞர்கள் கீழே இருந்து ஒரு டிஜே வண்டியை வரவழைத்தார்கள். லாரி நிறைய ஸ்பீக்கர், சுழலும் விளக்கு. இரவு பத்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதால் உறுமிக்காரர்களுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினார்கள். இருபது நிமிடம் ஆனதும் ஒருவன் ஓடிவந்து கைகாட்டினான். உறுமி நின்றது. போனைத் தூக்கிப் பிடித்திருந்தவர்கள் அத்தையைப் பார்த்தார்கள். எழுபத்திரண்டு வயது, தலையில் நீரூற்றி, மஞ்சள் சேலையில் வேப்பிலையோடு நின்றிருந்தாள். லாரியில் ஏதோ ஒன்று இடியாக விழுந்தது. அவள் அசையவில்லை. கோயில் படியில் போய் நிதானமாக உட்கார்ந்து, வேப்பிலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னும் வரவில்லையடா. அந்த வண்டியை நிறுத்தச் சொல். உறுமிக்காரரை முதலிலிருந்து அடிக்கச் சொல்."

நான்தான் போய் நிறுத்தினேன்.