அந்தப் பெட்டிச் சாவியைப் பற்றி

எங்கட சனசமூக நிலையத்து ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்து வீடியோவை இதுக்குள்ள எல்லாரும் பாத்து முடிச்சிருப்பியள். பாக்காத ஆக்கள் தயவுசெய்து தேடிப் பாக்க வேண்டாம். நாப்பது செக்கன்தான். ஒருத்தன்ர பேரைப் பொருளாளருக்கு முன்மொழியினம். பின்னுக்கிருந்து ஒரு குரல், "அவனிட்டக் குடுத்தால் பெட்டியும் தவறணைக்குப் போகும்" எண்டுது. சனம் சிரிக்குது. அவன் எழும்பி, சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கதிரையை வடிவா மடிச்சுச் சுவரில சாத்திப்போட்டு வெளியால போறான். அவ்வளவுதான்.

கதிரையை மடிச்சு வைச்சதை ஒருத்தரும் கவனிக்கேல்லை. நான் கவனிச்சனான். அதால மூண்டு நாளா நித்திரை இல்லை.

எழுதுறதோ விடுறதோ எண்டுதான் இருந்தன். நேற்று ஒருத்தர், நல்லாப் படிச்ச மனுசன், "பகிடியைப் பகிடியா எடுக்கத் தெரியாதவன் பொதுவேலைக்கு வரக்கூடாது" எண்டு போட்டிருந்தார். சரி ஐயா. பகிடியாவே எடுப்பம். அப்ப நானும் கொஞ்சம் பகிடி விடுறன், கோவிக்காதேங்கோ.

அவன் குடியை விட்டு ரெண்டு வருசம் தாண்டிட்டுது. அதைப் போன வருசம் அவனே மேடையில ஏறி ஊருக்குச் சொன்னவன், அப்ப கை தட்டினதும் இதே சனம்தான். அவனைப் பற்றி இதுக்கு மேல நான் ஒண்டும் சொல்லமாட்டன். சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. என்னைப் பற்றிச் சொல்லலாம். நானும் குடிகாரன்தான். 2020 ஓகஸ்டுக்குப் பிறகு தொடேல்லை.

சொல்ல வந்தது ஒண்டே ஒண்டு. குடியை விட்டவனுக்கு உங்கட புத்திமதி வேண்டாம், பாராட்டு விழா வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம். நம்பி ஒரு சாவியைக் குடுங்கோ. குடுக்க மனம் இல்லாட்டி பேசாமல் இருங்கோ.

நான் மோட்டர் வைண்டிங் வேலை செய்யிறவன். கிணத்து மோட்டர் எரிஞ்சால் தோட்டக்காரர் என்னட்டத்தான் கொண்டு வருவினம். செப்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுத்தோணும். எண்ணிக்கை பிசகினால் மோட்டர் சூடேறித் திரும்ப எரியும். 2017 அளவில எனக்குக் காலமையில கை நடுங்கத் துவங்கிட்டுது. நடுக்கம் நிக்க ஒரு கால் போத்தல் போகோணும். போனால் கை நிக்கும், எண்ணிக்கை போயிடும். நூற்றிப்பத்தோ நூற்றியிருபதோ? திரும்ப அவிட்டு, திரும்பச் சுத்தி... வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிற நேரத்தில ஒரு மனுசன்ர மோட்டரை மூண்டு தரம் எரிச்சுக் குடுத்தனான். அவர் ஒண்டும் பேசேல்லை. மோட்டரைச் சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு வேற ஆளிட்டப் போனார்.

"மனசு வைச்சால் விடலாம்" எண்டு எழுதினவைக்கு ஒண்டு சொல்லுறன். ஆரம்ப வருசங்களில நல்லூர்த் திருவிழா 25 நாளும் நான் மச்சமும் தொடமாட்டன், போத்தலும் தொடமாட்டன். அப்ப என்னட்ட மனசு இல்லையோ? வைரவர் மடை முடிஞ்ச பின்னேரம், விட்ட நாள் எல்லாத்துக்கும் சேர்த்துப் பிடிச்சிடுவன். விடுறது ஒரு வேலை, விட்ட பிறகு பின்னேரம் அஞ்சரைக்கு என்ன செய்யிறது எண்டது வேற வேலை. ரெண்டாவதைப் பற்றி இந்த ஊரில ஒருத்தரும் கதைக்கிறதில்லை.

2020 மார்ச்சில ஊரடங்கு போட்டு பார் எல்லாம் பூட்டினதை மறந்திருக்கமாட்டியள். நீங்கள் பருப்பும் மாவும் வாங்கி அடுக்கினியள். நான் ரெண்டாம் நாள் குசினி வாசலில வலிப்பு வந்து விழுந்தன். கனகாலம் நாளாந்தம் குடிச்ச உடம்பு திடீரெண்டு நிப்பாட்டினால் அப்பிடித்தான் செய்யும். நரம்பெல்லாத்தையும் சாராயம் அமத்தி வைச்சிருக்கும், அது போனவுடனை எல்லாம் ஒரேயடியா எழும்பும். ஆஸ்பத்திரியில மூண்டாம் நாள் சுவர் முழுக்க எறும்பு ஊருறதாக் கண்டு, போர்வையால தட்டித் தட்டிக் களைச்சுப்போனன். எறும்பே இல்லையாம். நடுக்கத்துக்கு மருந்து, பி1 ஊசி, சேலைன். இதில ஆளே செத்துப் போறதும் உண்டு. அதால இதை வாசிச்சிட்டு ரோசத்தில இண்டைக்கே நிப்பாட்ட வெளிக்கிடுற ஆக்கள் முதல் ஒரு டொக்டரைப் பாருங்கோ. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலயும் தெல்லிப்பழையிலயும் உளநலப் பிரிவு இருக்கு. போக வெக்கமெண்டால் உளநல உதவி இலக்கம் 1926 க்கு எடுத்துக் கதைக்கலாம். விசர் ஆஸ்பத்திரி எண்டு ஊர் சொல்லும், சொல்லட்டும்.

பிறகு பார் திறந்தாங்கள், நானும் திறந்தன். (திருந்தின கதை நேர்கோட்டில போகும் எண்டு நினைச்சியளோ?) ஓகஸ்டில திரும்ப ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்தால் கடையில வேலை இல்லை, வாற ஆக்களும் இல்லை. மனிசி கதைக்கிறதில்லை. தேத்தண்ணியை மேசையில வைச்சிட்டுப் போவா. அஞ்சரை மணி வரும். அந்த நேரம் எப்பிடி இருக்கும் எண்டு குடிக்காத ஆக்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்தேலாது. கால் தானாப் படலைக்குப் போகும்.

அந்த நேரம் எங்கட நிலையத்து வாசிகசாலையைப் பாத்துக்கொண்டிருந்தவர் மாஸ்டர். இப்ப அவர் இல்லை. ஒருநாள் வீட்டை வந்தார். வந்து புத்திமதி சொல்லேல்லை, கடவுளைக் கும்பிடு எண்டு சொல்லேல்லை. "உனக்கு எந்த நேரம் கஷ்டம்?" எண்டு கேட்டார். அஞ்சரையில இருந்து ஏழரை எண்டன். "எனக்கு இப்ப பின்னேரத்தில கண் தெரியுதில்லை. அந்த நேரத்துக்கு நீ வந்து திற" எண்டு சேட்டுப் பொக்கற்றில இருந்து சாவியை எடுத்து மேசையில, தேத்தண்ணிக்குப் பக்கத்தில வைச்சார்.

அந்த வாசிகசாலைக்குள்ள களவெடுக்க என்ன இருக்கு? ஒரு பழைய ரீவி, ரெண்டு கரம் போர்ட், கறையான் திண்ட புத்தகங்கள். ஆனா அண்டைக்கு நான் அஞ்சு பத்துக்கே போய் நிண்டன். பேப்பர்த் தாளுகளை ஒழுங்காச் சேர்த்துச் சட்டத்தில போட்டன். ரியூப் லைட்டில சோக் போயிருந்தது, அடுத்த நாள் மாத்தினன். சாதாரணதரம் எழுதுற பெடியள் வந்திருந்து படிக்கத் துவங்கினாங்கள். 2023 இல அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிப்பணம் வந்தநேரம் அம்மாமார் வரிசையில நிண்டு "தம்பி, இதை ஒருக்கா நிரப்பித் தாவன்" எண்டினம். வங்கிக் கணக்கு இலக்கம், அடையாள அட்டை, எல்லாத்தையும் என்னட்டத் தந்தினம். என்னட்ட! அப்ப எனக்குக் கை நடுங்கினது வேற நடுக்கம்.

வியாழக்கிழமைகளில குடியை விட்ட நாங்கள் ஆறேழு பேர் கூடிக் கதைக்கிறனாங்கள். அங்க ஒரு கதை அடிக்கடி வரும். 1935 இல, அமெரிக்காவில அக்ரன் எண்ட ஊரில, நியூயோர்க்கில இருந்து வந்த ஒரு பங்குத் தரகர் வியாபாரம் பிழைச்சுப்போய் ஹோட்டல் வாசலில தனிய நிக்கிறார். குடியை விட்டு ஒரு அஞ்சாறு மாசம். ஒரு பக்கம் பார், மற்றப் பக்கம் டெலிபோன். அந்தாள் டெலிபோனைத் தூக்கி, இந்த ஊரில என்னைப் போலக் குடிகாரன் ஆரும் இருக்கிறானோ, நான் அவனோட கதைக்கோணும் எண்டு தேவாலயங்களிட்டக் கேக்குது. அப்பிடிக் கண்டுபிடிச்ச ஆள் ஒரு அறுவைச் சிகிச்சை டொக்டர். அவரும் குடிதான். அந்த டொக்டர் கடைசியாக் குடிச்சது அந்த வருசம் யூன் 10 எண்டு சொல்லுறவை. அதில இருந்துதான் உலகம் முழுக்க இந்தக் கூட்டங்கள் வந்தது. இதில கவனிக்கவேண்டியது, தரகர் உதவி கேட்டு எடுக்கேல்லை. உதவி செய்ய ஒரு ஆள் வேணும் எண்டுதான் எடுத்தவர். இன்னொருத்தனுக்கு நான் தேவை எண்டால்தான் அந்த பாரைத் தாண்டிப் போகலாம் எண்டு அந்தாளுக்கு விளங்கியிருக்கு. எங்கட மாஸ்டருக்கு இந்தக் கதை தெரியாது. ஆனா விசயம் தெரியும்.

அப்ப அண்டைக்குப் பொருளாளர் பதவி அவனுக்குப் பதவி இல்லை. அது அவன்ர டெலிபோன். அதைத்தான் நீங்கள் பறிச்சு வைச்சனீங்கள், சிரிச்சுச் சிரிச்சு.

இனி உங்கட கேள்வியள்.

"பொதுக்காசு தம்பி, கவனமாத்தான் இருக்கோணும்." ஓம், இருக்கோணும். எங்கட நிலையத்து வரலாற்றில கணக்குக் காட்டாமல் போன பொருளாளர்மார் எத்தினை பேர்? அதில எத்தினை பேர் குடிச்சவை? எனக்குத் தெரிஞ்ச அளவில ஒருத்தரும் இல்லை. எல்லாரும் பால் குடிச்ச பிள்ளையள். ஒருத்தர் விளையாட்டுப் போட்டிக் காசில வீட்டு மதில் கட்டினது ஊருக்கே தெரியும், அவருக்கு அடுத்த வருசம் போசகர் பதவி. குடிச்சவன் குடிச்சதை மறைக்கேலாது, மணக்கும். திண்டவன் மணக்கமாட்டான். அதோட, பற்றுச்சீட்டுப் புத்தகம், வங்கியில ரெண்டு கையெழுத்து, வருசாவருசம் கணக்காய்வு எல்லாம் என்னத்துக்கு இருக்கு? நம்பிக்கை இல்லாட்டி மூண்டு மாசத்துக்கு ஒருக்கா கணக்கைப் பாருங்கோ. அவனை மட்டும் இல்லை, எல்லாரையும்.

கனடாவில இருந்து ஒரு தம்பி, "ஊர் கெட்டுப்போச்சு, குடிகாரருக்கு வக்காலத்து வாங்கினம்" எண்டு எழுதியிருக்கிறார். தம்பி, போன ஆடியில நீங்கள் வரேக்க கொண்டுவந்த டியூட்டி பிறீ போத்தல் ரெண்டும் எந்த வீட்டில உடைச்சது எண்டு எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு என்னைக் கூப்பிடேல்லை, அதுக்கு நன்றி.

2024 டிசம்பரில பார் அனுமதிப் பட்டியல் பாராளுமன்றத்துக்கு வந்தநேரம் எங்கட சனம் கொதிச்ச கொதி இருக்கே! எங்கட பிள்ளையளை அழிக்கினம் எண்டு பக்கம் பக்கமாப் பதிவு. அதே ஆக்கள்தான் இண்டைக்கு அந்த வீடியோவுக்குக் கீழ சிரிப்பு எமோஜி போட்டிருக்கினம். பார் வேண்டாம், பாரில இருந்து எழும்பி வந்தவனும் வேண்டாம். அப்ப அவன் எங்க போறது?

ஒரு அக்கா உள்பெட்டியில எழுதியிருந்தா: "திருந்தின கதையைத்தான் நீங்கள் எல்லாரும் எழுதுறியள். உங்கட மனிசி அடகு வைச்ச தாலிக்கொடியை ஆர் எழுதுறது?" இதுக்கு என்னட்டப் பதில் இல்லை. கொடியை மீட்டாச்சு. அது பதில் இல்லை எண்டும் தெரியும்.

சரி, கிளறினதோட இதையும் சொல்லிவிடுறன். நான் விட்டுப் பதினாலாம் மாசம் என்ர தங்கச்சியின்ர ரெண்டாவது பிள்ளைக்குச் சாமத்தியவீடு. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். தேங்காய் உடைக்கோணும், தண்ணி வாக்கோணும். வேட்டி சால்வை எல்லாம் மடிச்சு எடுத்துக்கொண்டு போனால், மச்சானின்ர ஒண்டுவிட்ட தமையன் தேங்காயும் கையுமா நிக்கிறார். தங்கச்சி என்ர முகத்தைப் பாக்கேல்லை. "அண்ணை, நீங்கள் சாப்பாட்டுப் பக்கம் பாருங்கோ" எண்டா. நான் சாப்பாட்டுப் பக்கம் பாத்தன். வாழையிலை கழுவினன். அண்டைக்கு அஞ்சரைக்கு வாசிகசாலை திறக்கவேண்டி இருந்ததாலதான் நேராப் படலைக்குப் போய் வலப்பக்கம் திரும்பினன். இடப்பக்கம் என்ன இருக்கு எண்டு ஊர்க்காரருக்குத் தெரியும்.

தங்கச்சியில பிழை இல்லை எண்டு எல்லாரும் சொல்லுவியள். மூத்த பிள்ளையின்ர சாமத்தியவீட்டில நான் குடிச்சிட்டு, உடைச்ச தேங்காயோட பந்தல் காலில மோதி விழுந்தது அவவுக்குத் தெரியும், எனக்குத்தான் ஞாபகம் இல்லை. அவ பயந்தது நியாயம்தான். நியாயமாவே இருந்திட்டுப் போகட்டும். ஆனா எத்தினை மாசத்துக்கு? பதினாலு காணாது. அவனுக்கு ரெண்டு வருசம் காணாது. ஒரு கணக்குச் சொல்லுங்கோவன், எண்ணிச் சுத்துறதுதானே என்ர தொழில்.

நேற்று ஒரு பெடியன் கொமென்ற்றில கேட்டிருந்தான்: "அண்ணை, நீங்களும் அங்க முன் வரிசையில இருந்தனீங்கள்தானே, வீடியோவில தெரியுது. ஏன் வாய் திறக்கேல்லை?"

மூண்டு நாளா நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். சனம் நல்லாச் சிரிச்சுக்கொண்டு இருக்கேக்க நான் எழும்பி ஒரு சொல் சொல்லியிருந்தால், அடுத்ததா ஆரும், "அப்ப பின்னேரத்தில இந்த நிலையத்துச் சாவி ஆரிட்ட இருக்கு?" எண்டு கேட்டிருப்பினம். மாஸ்டர் தந்த சாவி, நிர்வாகக் குழு தந்ததில்லை. ஒரு கூட்டக் குறிப்பிலயும் அது இல்லை. பொக்கற்றுக்குள்ள கையை விட்டுச் சாவியைப் பிடிச்சுக்கொண்டு நான் பேசாமல் இருந்தன். வீடியோவை நிப்பாட்டிப் பாத்தால் என்ர வலது கை தெரியாது. அதுதான் காரணம்.

இப்ப எழுதியாச்சு. கேக்கிறதெண்டால் கேளுங்கோ.

அஞ்சு மணி ஆகுது, மழையும் இருட்டிக்கொண்டு வருது. ஞாயிற்றுக்கிழமையில இருந்து அவன் போன் எடுக்கிறானில்லை. வாசிகசாலைக்குப் போற வழியில அவன்ர படலையில நிண்டு மணி அடிச்சுப் பாக்கப்போறன். கரம் போர்ட் ஒண்டின்ர கால் ஆடுது, பிடிக்க ரெண்டாவது ஆள் வேணும்.