பண்டம் கொடுத்தால் நாய் கெட்டுப்போகாது
"சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாய்க்கெல்லாம் அடிதான் சரி, பண்டம் கொடுத்துப் பழக்குறது டிவி வேஷம், நாமதான் தலைவன்னு காட்டணும்" என்று மேலே ஒருவர் போட்டிருக்கிறார். தவறு. அந்தத் 'தலைவன்' கதை, அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியதிலிருந்து வந்தது; அதை அப்படியே நாய்க்கும் பொருத்திவிட்டார்கள். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999லேயே எழுதிவிட்டார். டிவி என்றால், 2005லிருந்து நாய்ப் பயிற்சியாளர் விக்டோரியா ஸ்டில்வெல் அடியில்லாமல் பழக்கிக் காட்டியதும் டிவியில்தான்.

பண்டத்தை முன்னால் ஆட்டிக் கூப்பிடுவதுதான் பிழை. அது லஞ்சம்; கை காலி என்றால் நாய் வராது. முதலில் நாய் செய்யட்டும், 'சபாஷ்' சொல்லி, ஓரிரு நொடிக்குள் கொடுங்கள். பட்டாணி அளவு வெந்த கோழிக்கறி போதும். உப்பு, வெங்காயம் கூடாது. நாயின் சாப்பாட்டுக்கு முன் 5 நிமிடம் பழக்கினால் போதும், மதுரை வெயில் ஏறும் முன்பே. நன்றாகப் படிந்தபின் இரண்டு மூன்று தடவைக்கு ஒருமுறை என்று பண்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு வளர்த்த இனம், ஆட்டுக்குட்டி ஓடினால் பின்னாலேயே பாயும். அதனால் வெளியே 10 மீட்டர் கயிறு, அதுவும் மார்புப் பட்டையில். கழுத்தில் கட்டினால் பாயும் வேகத்தில் கழுத்து அடிபடும். உறுமும்போது அடித்தால் உறுமலை மட்டும் நிறுத்தும், பயம் அப்படியே இருக்கும். அடுத்தமுறை எச்சரிக்காமல் கடிக்கவும் கூடும்.