அளவுகோலும் வேண்டும், மரபணுவும் வேண்டும்

மலையாற்று மீன்கள் எந்த இனம் என்று கண்டறிய இனி செதிலையும் துடுப்பையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், மரபணுவே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அவ்வளவு எளிதில்லை. காவிரியின் திமில் மகசீரைப் பாருங்கள். 50 கிலோவுக்கு மேல் வளரும் மீன், தூண்டில்காரர்களிடையே உலகப் புகழ். ஆனாலும் உறுதியான அறிவியல் பெயர் 2018-இல்தான் கிடைத்தது. காவிரிப் படுகையிலுள்ள மோயாற்றில் பிடித்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்து ஒப்பிட்டபோது, பாம்பாற்றுச் சிறு மீன்களை வைத்து ஏற்கெனவே விவரிக்கப்பட்ட 'டோர் ரேமாதேவி'தான் இது என்று தெரிந்தது. (பாம்பாறு கேரளத்தில் பிறந்தாலும் அமராவதி வழியாகக் காவிரிக்குத்தான் வருகிறது.) பெயர் கிடைத்த கையோடு, அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனமாகவும் சேர்ந்துவிட்டது.

கட்டுரை தொடாத விஷயம் ஒன்று உண்டு. மீன் இனத்தைக் கண்டறியப் பெரும்பாலும் பார்ப்பது செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவை. அது தாய்வழியாக மட்டுமே வரும். காவிரியிலோ பண்ணையில் வளர்த்த வேறோர் இனமான நீலத்துடுப்பு மகசீரின் குஞ்சுகளைப் பல ஆண்டுகள் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இரண்டும் கலந்து ஒரு குஞ்சு பிறந்தால், தாய் எதுவோ அந்த இனம் என்றே முடிவு வரும், கலப்பு தெரியாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுவையும் பார்க்க வேண்டும். அதுவும் மகசீரில் லேசில்லை, மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களே 100! அப்புறம், மீனை நேரில் பார்த்துத் துடுப்பின் நிறத்தைக் குறித்துவைக்கும் ஆளும் வேண்டும்தானே?