வித்தியாசம் இல்லை என்பதும் ரிசல்ட்தான்

பள்ளிக் கண்காட்சியில் பிள்ளைகளின் செடிச் சோதனையை மட்டம் தட்டிய விவகாரத்தில் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். "ரிசல்ட்டே வரலையேம்மா, இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?" என்று வேளாண் பிரிவு பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் நடுவர் கேட்டாராம். பரிசு எதற்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். தெர்மாகோல் வயல், அட்டை டிராக்டர், சீரியல் பல்பு. வாழ்க.

ரிசல்ட் வந்தது ஐயா. பஞ்சகவ்யம் (மாட்டுச் சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசல்) தெளித்த பச்சைப்பயறுக்கும் வெறும் தண்ணீர் தெளித்ததற்கும் காய் எண்ணிக்கையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதுதான் ரிசல்ட்.

எல்லாத் தொட்டிக்கும் ஒரே மண்கலவை. 10 தொட்டிக்குக் கரைசல், 10 தொட்டிக்குத் தண்ணீர். முளைத்தபின் தொட்டிக்கு 2 செடி விட்டு மற்றதைப் பிடுங்கிவிட்டார்கள். 3 சதக் கரைசல், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. வடிகட்டித்தான் தெளிப்பானில் ஊற்றினார்கள், இல்லாவிட்டால் நாசில் அடைத்து, செடிக்குச் செடி அளவு மாறிவிடும். தண்ணீர்த் தொட்டிக்கும் அதே அளவு இலையில் படத் தெளித்தார்கள். பெரியவர்களே கோட்டைவிடும் இடம் இது. இதைச் செய்யாமல் விட்டால் பலன் கரைசலாலா, இலை நனைந்ததாலா என்று பிரிக்க முடியாது. எந்தத் தொட்டி எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். கரைசல் தொட்டிகளெல்லாம் வெயிலிலும் மற்றவை சுவரோர நிழலிலும் இருந்தால் வெயிலின் பெருமை மாட்டுக்குப் போய்விடும்.

உடனே சிலர் கிளம்பி வருவீர்கள், "பஞ்சகவ்யத்தை மட்டம் தட்டுறியா?" என்று. இல்லை சாமி. தொட்டி மண்கலவையில் மூன்றில் ஒரு பங்கு தொழுவுரம். மண்ணிலேயே அவ்வளவு சத்து இருந்தால் தெளிப்பின் பலன் வெளியே தெரியாமல் போகலாம். எருவைக் குறைத்து மறுபடி செய்ய வேண்டும் என்று பிள்ளைகளே சார்ட்டின் கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். யார் படித்தது?

"ஸ்கூல் பிள்ளைகளுக்கு எதுக்குப் புள்ளியியல்?" தண்ணீர் வரிசைக்குள்ளேயே ஒரு தொட்டியில் 8 காய், இன்னொன்றில் 18 காய் என்றிருந்தால், இரண்டு வரிசைச் சராசரிக்கும் நடுவே ஒரு காய் கூடுவதில் அர்த்தமில்லை. இதற்குப் புள்ளியியல் எதற்கு? கண் போதும். பார்க்க அழகாக இருக்க வேண்டாமா என்பவர்களுக்கு: சரி, அடுத்த முறை பல்பு போடுகிறோம்.

ஏற்கெனவே "மார்க் இல்லாதவங்க சேருற குரூப்" என்று பள்ளிக்கூடத்திலேயே இளக்காரம் பேசுகிறார்கள். பூச்சிமருந்துக் கடைக்காரர் புது டப்பாவை நீட்டினால், "தெளிக்காம ஒரு பாத்தி விட்டுப் பார்த்தீங்களாண்ணே?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்? இவர்களுக்குத் தெரியும். இவர்களிடம் போய், "நல்லா காய்ச்ச ரெண்டு தொட்டியை மட்டும் கொண்டு வந்திருக்கலாமே" என்று அறிவுரை வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.