சர்க்கரை ஏறும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

ஓலன்சபின் என்ற மனநல மருந்தைத் தொடங்கியவருக்குச் சில மாதங்களிலேயே எடை மளமளவென்று ஏறினால், "வாயைக் கட்டு, நட" என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கடும் வருத்தம் உண்டு. அந்தப் பசி சோம்பலில் வந்தது இல்லை. ஓலன்சபினும், அதே வகை மருந்தான க்ளோசபினும் மூளையில் பசியை அடக்க உதவும் ஹிஸ்டமின் எச்1, செரட்டோனின் 2சி ஏற்பிகளை அடைத்துவிடுகின்றன. சாப்பிட்டும் வயிறு நிறைந்த உணர்வு வராது.

"எடை ஏறவில்லையே" என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. இந்த இரண்டும் கணையத்தில் இன்சுலின் சுரப்புக்கு உதவும் எம்3 ஏற்பியையும் தடுக்கின்றன. ஆகவே எடை கூடாமலேயே சிலருக்குச் சர்க்கரை எகிறும்.

இந்த இரண்டில் ஒன்றைத் தொடங்கும்போதே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையையும் சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் பேசிவிட வேண்டும் என்பதே என் கருத்து. தவறினால், எடை 5 சதவீதம் கூடியதும் பேசுங்கள். 60 கிலோ இருந்தவருக்கு அது வெறும் 3 கிலோ. ஏறிவிட்ட எடையை இறக்குவதில் இந்த மாத்திரை அவ்வளவு கெட்டி இல்லை, சராசரியாகச் சுமார் 3 கிலோதான் குறையும். ஏறாமல் பார்த்துக்கொள்வதில்தான் அதன் பலன்.

வழக்கமாக 500 மில்லிகிராமில், சாப்பாட்டோடு தொடங்குவார்கள். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 கூட்டி, தாங்கினால் நாளுக்கு 2000 வரை போகலாம். அவசரமாகக் கூட்டினால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வந்து பலர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். தொடங்கும் முன் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் கணக்கிட வேண்டும்: 30க்குக் கீழே என்றால் கூடவே கூடாது, 45க்குக் கீழே என்றால் புதிதாகத் தொடங்குவதில்லை. வாந்தி, பேதியில் உடல் வறண்டால் மருத்துவரிடம் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். நாள்பட எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதன் அளவும் பார்க்க வேண்டும்; அந்தக் குறைவால் பாதம் மரத்துப்போவதை மனநல மருந்தின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தால் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிமெபிரைடு போன்ற வேறு சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ சேரும்போதுதான் கவனம் தேவை. தாழ்சர்க்கரையின் வியர்வை, படபடப்பு, குழப்பம் எல்லாம் மனநோய் திரும்பியதுபோலவே தெரியும். முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள்.

மருந்து தொடங்கும் முன்பே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும்வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். எடையை 4, 8, 12ஆம் வாரங்களிலும், ரத்தப் பரிசோதனையை 12ஆம் வாரத்திலும் பிறகு ஆண்டுதோறும் பார்க்கலாம். முதல் இரண்டு மாதம் வீட்டிலேயே வாராவாரம் எடை பார்ப்பது இன்னும் நல்லது.

மெட்ஃபார்மினுக்கும் எடை அடங்காவிட்டால், எடையை அவ்வளவாக ஏற்றாத அரிப்பிப்ரசோல் என்ற மனநல மருந்துக்கு மாற முடியுமா என்று மனநல மருத்துவர் பார்ப்பார். க்ளோசபின் எடுப்பவர்களுக்கு அந்த வழி பெரும்பாலும் இல்லை, வேறு மருந்துகள் கைகொடுக்காமல்தானே அதற்கு வந்திருப்பார்கள். அங்கேதான் பசியைக் குறைக்கும் லிராகுளுடைடு, செமாகுளுடைடு ஊசிகள் உதவும். க்ளோசபின் அல்லது ஓலன்சபின் எடுத்த, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் லிராகுளுடைடை 16 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. போலி ஊசி போட்டவர்களைவிட அவர்கள் எடை சராசரியாக 5.3 கிலோ குறைவாக இருந்தது. ஆனால் க்ளோசபினின் மலச்சிக்கல் குடல் அடைப்பாகி உயிரையே எடுக்கக்கூடியது, இந்த ஊசிகளும் மலச்சிக்கல் தரும். மலம் போகும் நாட்களைக் குறித்து, தேவையான மலமிளக்கியை முன்கூட்டியே தொடங்கிவிட்டுத்தான் ஊசிக்குப் போக வேண்டும்.

எடைக்குப் பயந்து மனநல மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். க்ளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே விழுங்கக் கூடாது; மருத்துவரிடம் சொல்லி, குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும்.