பந்துக்கு அடியில் விரல் இருந்தது

நம்ம சுப்மன் கில் அவுட்தான். 2023 ஜூன் 10, சனிக்கிழமை ராத்திரி, லண்டன் ஓவலில் நடந்த டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலில் ஆஸ்திரேலியாவின் கேமரூன் கிரீன் ஒற்றைக் கையால் பாய்ந்து பிடித்த அந்தக் கேட்ச், பந்து தரையில் படாத சுத்தமான கேட்ச் என்று அன்றைக்கே சொன்னேன். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்த்த ஆறு பேரும் என்னை அடிக்காத குறை. 444 துரத்துகிறோம், பையன் 18 ரன்னில் நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறான், போலண்ட் பந்து, டிவியில் ரீப்ளே பார்த்துத் தீர்ப்பு சொல்கிற தேர்ட் அம்பயர் கெட்டில்பரோ அவுட் என்கிறார், அந்த நேரத்தில் நம்ம வீட்டிலேயே ஒருத்தன் எதிராளிக்குப் பேசினால் கோபம் வரத்தான் செய்யும். கில்லே கூட அந்தக் கேட்ச் படத்தைப் பூதக்கண்ணாடி போட்டுப் பதிவிட்டு 15 சதவீத அபராதம் கட்டினார். அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் பந்து புல்லில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும்.

அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஏனென்றால் அதே மாதிரி ஒரு படத்தால் நான் பொய்யன் ஆகியிருக்கிறேன்.

சில வருஷம் முன்னால், கன்னங்குறிச்சி பக்கம் ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச். மேட் விரித்த பிட்ச், லெதர் பந்து, வடக்கே திரும்பினால் சேர்வராயன் மலை, அவுட்ஃபீல்டில் அங்கங்கே புல், மீதியெல்லாம் செம்மண். நான் இரண்டாவது ஸ்லிப், அதாவது விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் இரண்டாவது ஆள். எட்ஜ் வாங்கிய, அதாவது பேட்டின் விளிம்பில் பட்ட பந்து கணுக்கால் உயரத்துக்கும் கீழே வந்தது, முன்னால் விழுந்து இரண்டு கையையும் மண்ணுக்குள் தள்ளிப் பிடித்தேன். உள்ளங்கையில் பந்து விழுந்த அடி, அந்தச் சுரீர் என்ற வலி, அது தரையில் பட்டு வந்த பந்துக்கு இருக்காது. ஸ்லிப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். எழுந்து கையைப் பார்த்தால் நாலு விரல் முட்டியிலும் தோல் உரிந்து செம்மண் அப்பியிருந்தது, உள்ளங்கையில் ஒரு பொட்டு மண் இல்லை. அம்பயர் ஒரு ரிட்டயர்டு பி.டி. வாத்தியார், விரலைத் தூக்கிவிட்டார்.

அப்போதுதான் எல்லைக்கோட்டுப் பக்கம் இருந்து ஒருத்தர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஜூம் போட்டு எடுத்த வீடியோ. நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். பந்து மண்ணில் இருந்தது, அல்லது இருக்கிற மாதிரி இருந்தது. கூட்டம் கூடிவிட்டது, வாத்தியாரும் என்ன செய்வார், நாட் அவுட் என்று மாற்றினார். எதிர் டீம் பெரியவர் ஒருத்தர் என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, பொய் சொல்லி அவுட் கேக்கோணுமா?" என்றார். உரிந்த விரலைக் காட்டினேன். அவர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி இன்னும் எனக்கு ஆறவில்லை.

கில் விஷயத்தில் வீட்டில் சண்டை வந்த அடுத்த வாரம் அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு அதே மைதானத்துக்குப் போனேன். பழைய பந்து ஒன்று. புல் இருக்கிற இடமாகப் பார்த்துக் குனிந்து, விரல் முட்டி தரையில் அழுந்த, விரல்களுக்கு மேல் பந்தை வைத்துப் பிடித்தேன். பந்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் கனம். அவனை முன்னால் அறுபது தப்படி போகச் சொல்லி முழு ஜூமில் ஒரு படம், அப்புறம் கையை அசைக்காமல் பக்கத்தில் வரச் சொல்லி விரலோடு ஒட்டி இன்னொரு படம். முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, பந்து கீழதான இருக்கு?" என்கிறான். என் கை இன்னும் பந்துக்கு அடியில்தான் இருந்தது! விரலுக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிற புல் பந்தின் மேலேயே முளைத்த மாதிரி தெரிகிறது, விரல் அந்தப் புல்லுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. பக்கத்துப் படத்தில் நாலு விரலும் எண்ணிக் காட்டலாம்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. தூரத்திலிருந்து ஜூம் லென்ஸில் எடுத்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆழம் போய்விடும். ஸ்டேடியத்தில் பெரும்பாலான கேமரா எல்லைக்கோட்டுக்கு அந்தப்பக்கம் தூரத்தில்தான் நிற்கிறது. எத்தனை கேமரா வைத்தாலும் தாழ்வான கேட்சுக்கு அந்தக் கோளாறு இருந்தே தீரும். ரன் அவுட்டுக்குக் கேமராவை நம்பு, நோ பாலுக்கு நம்பு, அங்கே ஒரு கோடு இருக்கிறது, கோட்டுக்கு நேராகக் கேமரா இருக்கிறது. விரலுக்கும் புல்லுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது?

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. கை தரையில் படலாம், பந்து படக் கூடாது. அப்புறம், பந்தும் தன் உடம்பும் ஃபீல்டரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தால்தான் கேட்ச் முடிந்ததாகக் கணக்கு. அதே 2023இல் லார்ட்ஸில் டக்கெட் அடித்ததை ஸ்டார்க் பிடித்து, சறுக்கிக்கொண்டே பந்தைத் தரையில் ஊன்றினாரே, அது நாட் அவுட். அது சரியான தீர்ப்பு, பந்து தரையில் தேய்ந்தது எல்லாருக்கும் தெரிந்தது, சறுக்கல் நிற்கவில்லை என்பதும் தெரிந்தது. அதையும் கிரீன் கேட்சையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய.

முன்பெல்லாம் சாஃப்ட் சிக்னல் என்று ஒன்று இருந்தது. களத்தில் நிற்கிற அம்பயர் மேலே கேட்பதற்கு முன் தன் கருத்தை அவுட் என்றோ நாட் அவுட் என்றோ சொல்லிவிடுவார், அதை மாற்ற வேண்டுமானால் உறுதியான ஆதாரம் வேண்டும். 2023 ஜூன் 1இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். கில் அவுட் ஆனது பத்தாவது நாள். அதை எடுத்தது தப்பு என்பதுதான் என் கருத்து. அம்பயருக்குச் சரியாகத் தெரியாமல் ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இருந்தது உண்மைதான், அது சரி செய்ய வேண்டிய குறை. அதற்கு "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல மூன்றாவதாக ஒரு வழி கொடுத்திருக்கலாம். தெரிந்தால் தெரிந்ததைச் சொல்லட்டும், இரண்டு அம்பயருக்குமே தெரியாவிட்டால் சந்தேகத்தின் பலன் பேட்ஸ்மேனுக்குப் போகட்டும். ஆழம் தெரியாத படத்தை வைத்து ஒருத்தர் அறைக்குள் உட்கார்ந்து முதலிலிருந்து தீர்ப்பு எழுதுவது எப்படிச் சரியாகும்?

விளைவைப் பாருங்கள். 2025 ஜனவரி 3, சிட்னி, கோலிக்கு முதல் பந்து. அதே போலண்ட். ஸ்லிப்பில் ஸ்மித் பாய்ந்து ஒரு கையால் பந்தைக் கிளப்பிவிட, லபுஷேன் பிடித்தார். தேர்ட் அம்பயர் ஜோயல் வில்சன் பந்து தரையில் பட்டது என்று நாட் அவுட் கொடுத்தார். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, கோலி அல்லவா. ஆனால் ஸ்மித்தின் விரல் பந்துக்கு அடியில் இருந்தது என்றுதான் என் கண்ணுக்குப் பட்டது, இப்போதும் அப்படித்தான். கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் படம், ஒன்றுக்கு அவுட், ஒன்றுக்கு நாட் அவுட். இரண்டுமே நாட் அவுட் என்கிற நண்பர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஒரே அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஆள் மாறினால் அளவுகோல் மாறுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்போ ஃபீல்டர் சொன்னால் நம்பிவிட வேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். 2008 சிட்னியில் நம்பித்தானே கெட்டோம். தாழ்வான கேட்சுக்கு ஃபீல்டர் சொல்லே போதும் என்று நம்ம கேப்டன் கும்ப்ளேவும் ஆஸ்திரேலிய கேப்டன் பாண்டிங்கும் பேசி வைத்திருந்தார்கள். கங்குலி 51இல் இருக்கும்போது கிளார்க் பிடித்த கேட்சுக்கு, அம்பயர் பென்சன் பாண்டிங்கைப் பார்க்க, பாண்டிங் விரலைத் தூக்கினார், கங்குலி போனார். அதே மேட்சில் அதே கிளார்க், தான் எட்ஜ் வாங்கிய பந்து நேராக ஸ்லிப்புக்குப் போன பிறகும் அம்பயர் சொல்லட்டும் என்று நின்றவர். அவர் வார்த்தையை எப்படி நம்புவது? பந்தயத்தில் இருக்கிற ஆள் சாட்சி சொல்லக் கூடாது, கேப்டன் கூடவே கூடாது. எனக்கு வேண்டியது அம்பயரின் கண்.

அம்பயருக்கும் தப்பும், தெரியும். 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 271 துரத்தியபோது கங்குலிக்குக் கொடுத்த அவுட்டை நம்ம ஊரில் யார் மறந்தார்கள்? பேட்ஸ்மேனுக்கு மிக அருகே நிற்கிற சிலி பாயிண்ட்காரர் மேல் பட்டுத் தெறித்து மொயின் கான் கைக்குப் போன பந்து, நடுவில் தரையைத் தொட்டதா என்று இன்றைக்கும் டீக்கடையில் வாக்குவாதம் நடக்கும். 12 ரன்னில் தோற்றோம், சச்சின் 136 அடித்தும். அந்த வலியெல்லாம் எனக்கும் உண்டு.

ஆனால் கண்ணை நம்பி வந்த நல்ல தீர்ப்பும் உண்டே. 2024 டிசம்பர் மெல்போர்னில் ஜெய்ஸ்வால் 84இல், கம்மின்ஸ் பந்து, கேரி கேட்ச். பந்து பட்ட சத்தத்தைக் காட்டுகிற ஸ்னிக்கோ கோடு ஆடவே இல்லை, ஆனால் பந்து கிளவுஸ் பக்கம் திசை மாறியது கண்ணுக்குத் தெரிந்தது. தேர்ட் அம்பயர் ஷர்ஃபுத்தௌலா கண்ணில் பட்டதைப் பார்த்து அவுட் என்றார். நம்ம ஆட்கள் அவரைத் திட்டியது கொஞ்சமா. அது துணிச்சலான, சரியான தீர்ப்பு.

1980இல் பம்பாயில் நம்ம கேப்டன் விஸ்வநாத், அம்பயர் அவுட் கொடுத்த இங்கிலாந்தின் பாப் டெய்லரை, பேட்டில் படவில்லை என்று தனக்குத் தெரிந்ததால் திருப்பிக் கூப்பிட்டார். டெய்லரும் போத்தமும் 171 ரன் சேர்த்தார்கள், நாம் 10 விக்கெட்டில் தோற்றோம். விஸ்வநாத் நின்றது முதல் ஸ்லிப்பில். பக்கத்தில் நின்று பார்த்த கண்.

வருகிற ஞாயிறு அதே மைதானத்தில் மேட்ச் இருக்கிறது, அம்பயர் அதே வாத்தியார்தான். இரண்டு கேப்டன்களிடமும் பேசி முடித்துவிட்டேன். தாழ்வான கேட்சுக்கு அவர் பார்த்தது பார்த்ததுதான், தெரியவில்லை என்று அவர் சொன்னால் நாட் அவுட், போன் எல்லாம் கிட் பேக்குக்குள்ளேயே இருக்கும். நான் மறுபடியும் இரண்டாவது ஸ்லிப்.